தண்ணி குடிக்குதா என்று கேட்கிற உத்தியோகம்

கால்நடை உத்தியோகத்தர் என்றால் ஊசியும் கையுமாகத் திரிகிறவள் என்று நினைப்பீர்கள், என் வேலையில் முக்கால்வாசி, "தண்ணி குடிக்குதா?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான். அதுவும் நோன்பு மாதத்தில், புத்தளத்து வெயிலில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, ஸ்கூட்டியில் போய்க் கேட்க வேண்டும். பசியை எப்படியும் சமாளிக்கலாம். நாள் முழுக்கத் தண்ணியைப் பற்றியே பேசிக்கொண்டு தண்ணி குடிக்காமல் இருப்பது இருக்கிறதே, அல்லாஹ்வே! நோன்போடு வெளி வேலை பார்த்த எவருக்கும் என் பாடு விளங்கும். விளங்காதவர்கள் ஒரு நாள் என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிப் பாருங்கள்.

றஹீமா ராத்தாவின் சுட்டி

கனமூலையில் ஊருக்கே அக்காவான றஹீமா ராத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு கறவை மாடு. நெற்றியில் வெள்ளை இருப்பதால் பெயர் சுட்டி. அந்தப் பாலைத் தயிராக்கி விற்றுத்தான் ராத்தா தனி ஆளாக இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறா. பத்து நோன்பு கழிந்ததும் எனக்குப் போனில் கோல் எடுத்தா. பால் பாதியாகிவிட்டதாம். மறுநாள் காலையிலேயே போனேன். காய்ச்சல் இல்லை, மடி வீக்கம் இல்லை, கண்ணிலும் கோளாறு இல்லை.

"தண்ணி குடிக்குதா?" என்றேன். "ஓம் மிஸ், வழமையாக் குடுக்கிறதுதான்" என்றா. நானும் பெரிய உத்தியோகத்தர் மாதிரி 'வழமை' என்று கொப்பியில் எழுதிவிட்டு, சத்து மருந்து கொடுத்துவிட்டு வந்தேன். அந்தச் சொல்லை எழுதின கையைப் பிறகு நானே எத்தனை தரம் கிள்ளினேன் தெரியுமா? யாரோ கண் வைத்த கண்ணூறாக இருக்கும் என்று ராத்தா பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டு ஓதி, சுட்டியின் நெற்றியில் தண்ணி தெளித்தும் பார்த்திருந்தா. என்னை வழியனுப்பும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "இன்னும் பத்து நாள் பார்ப்பன் மிஸ். பால் கூடாட்டி இறைச்சிக்கடை நானாட்ட குடுத்திர வேண்டியதுதான். சும்மா நிக்கிற மாட்டுக்குத் தீனி போட எனக்கு ஏலாது."

கோழியின் துஆ

எங்கள் ஊரில் அண்ணனை நானா என்போம்; தில்லையடி மஜீத் நானாவின் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதாகச் செய்தி வந்தது. கோழிக்கு வியர்க்காது, வாயால்தான் சூட்டை வெளியே விடும். தண்ணிச் சட்டியை வெயிலிலிருந்து எடுத்து நிழலில் வையுங்கள் என்றேன். வைத்ததுதான் தாமதம், எல்லாம் ஓடி வந்து குடித்தன. ஒரு மிடறு, தலையை வானத்துக்குத் தூக்கல். இன்னொரு மிடறு, மறுபடி தூக்கல். கோழிக்கு உறிஞ்சத் தெரியாது, தலையைத் தூக்கினால்தான் தண்ணி தொண்டைக்குள் இறங்கும் என்று விளக்கினேன். கூரையிலிருந்து இறங்கின புறா ஒன்று, அதே சட்டியில் சொண்டை விட்டு, தலையைத் தூக்காமல் ஒரே இழுப்பாக உறிஞ்சிவிட்டுப் போனது.

நானா என் விளக்கத்தைக் காதிலேயே போடவில்லை. "பாருங்க மிஸ், கோழி ஒவ்வொரு மிடறுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுது, புறாவுக்கு அதுக்கும் நேரமில்ல."

கழுதையாரின் சுத்தம்

எங்கள் ஊர்க் கழுதைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸுக்கும் வழி விடாது, மந்திரிக்கும் வழி விடாது. ஒரு நாள் த்ரீவீல் ஸ்டாண்டில் ஒன்று நிழல் தேடிச் சோர்ந்து நின்றது. றிஸ்வான் என்கிற ஓட்டுநர் பாவப்பட்டு, ரோட்டோரச் சாக்கடைக் கான் தண்ணி பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கழுதை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெயின்ட் வாளியில் குழாய்த் தண்ணி கொண்டுவந்தார். அதற்கும் திருப்பல். "இதுக்கு விசர், மிஸ்" என்றார் என்னிடம்.

விசரும் இல்லை, பைத்தியமும் இல்லை. கழுதை எவ்வளவு தாகத்தையும் தாங்கும், ஆனால் அழுக்குத் தண்ணியில் வாய் வைக்காது. பக்கத்துக் கடையில் ஒரு பேசினை வாங்கித் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணி வைத்தேன். நின்ற நிலையில் அவ்வளவையும் குடித்து முடித்தது. நானோ எச்சில் விழுங்கவும் எச்சில் இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். றிஸ்வான் தலையைச் சொறிந்தார். "ரோட்டுக் கழுதைக்கு இருக்கிற சுத்தம் எங்கட ஸ்டாண்டுல ஒருத்தனுக்கும் இல்ல, மிஸ்!"

உச்சமுனையில் ஓர் அழுகை

ஆட்டுக்கு ஊசி போட உச்சமுனைக்குப் படகில் போன அன்று, ஒரு மீனவரின் வலையில் கடலாமை மாட்டியிருந்தது. கரையில் கிடந்து, கண்ணால் தாரை தாரையாக நீர் வடித்தது. "உசிருக்குக் கெஞ்சுது மிஸ்" என்றார் அவர். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியுமா? ஆமை கடல் தண்ணியைத்தான் குடிக்கிறது, உடம்பில் கூடிப்போகிற உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியே தள்ளுகிறது, இது அழுகையே இல்லை என்று பாடம் நடத்தினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே வலையை அறுத்து, ஆமையைத் தண்ணிக்குள் தள்ளிவிட்டார்.

"உப்பெண்டாலும் சரி, அழுகையெண்டாலும் சரி மிஸ், கண்ணால பார்த்த பொறகு வச்சிருக்க ஏலாது."

கவிழ்ந்த வாளி

படகை விட்டு இறங்கும்போதே போன் அடித்தது. றஹீமா ராத்தா. பால் அடியோடு குறைந்துவிட்டது, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இறைச்சிக்கடை நானா லொறியோடு வருகிறார், கடைசியாக ஒருக்கா வந்து பாருங்கள் என்று அழுதா. ஸ்கூட்டியைப் பறக்கவிட்டேன். அதுவரைக்கும் அந்த வீட்டுக்கு நான் காலையில்தான் போயிருக்கிறேன். நடுப்பகலில் போனது அன்றுதான்.

சுட்டி தென்னைக்கடியில் கட்டி நின்றது. கிட்டப் போனதும் என் கையிலிருந்த வியர்வையை நக்கியது. நாக்கு அரம் மாதிரி காய்ந்து கிடந்தது. திரும்பிப் பார்த்தேன். சமையல் குசினி வாசலில் ஒரு வாளி கவிழ்ந்து கிடக்க, அதன்மேல் கோழியொன்று சொகுசாகக் குந்தியிருந்தது.

"இது என்ன வாளி ராத்தா?"

"சுட்டிட வாளி மிஸ். பகல் அரிசி கழுவுற தண்ணியும் கஞ்சித் தண்ணியும் ஊத்தி, மிச்சத்துக்குக் கிணத்துத் தண்ணியும் விட்டு, ரெண்டு மூணு தரம் வைப்பம்."

"இப்ப?"

"இப்ப நோன்புல பகலைக்கு யாரு மிஸ் சோறு ஆக்குற..." என்று தொடங்கின ராத்தா கவிழ்ந்த வாளியைத் திரும்பிப் பார்த்தா. நானும்தான். என் வீட்டு அடுப்பும் பகலில் எரிந்து எத்தனை நாள்! விடியமுந்திச் சஹர் சாப்பாட்டு நேரம் ஒரு வாளி, நோன்பு திறந்த பிறகு ஒரு வாளி. நடுவில் அந்த வெயில் முழுக்கச் சுட்டிக்கு ஒரு சொட்டும் இல்லை. பாலில் பெரும்பங்கு தண்ணிதானே, உடம்பில் இல்லாததை மடி எங்கே போய் எடுக்கும்?

இரண்டு பேரும் கிணற்றுக்கு ஓடினோம். சுட்டி மூஞ்சியை வாளிக்குள் புதைத்து, சர்ரென்று உறிஞ்சியது. ஒரேயடியாகக் குடிக்கவிடாமல் பிடித்துப் பிடித்து, இடைவெளி விட்டு விட்டுக் கொடுத்தோம். அதன் தொண்டையில் தண்ணி இறங்கும்போதெல்லாம் என் தொண்டையும் ஏறி இறங்கியது. நாலாவது வாளிக்கு லொறி வந்து நின்றது. மாட்டைத் தர ஏலாது என்றா ராத்தா. ஏன் இப்போது மாட்டேன் என்கிறீர்கள், மாட்டுக்கு நோய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார் இறைச்சிக்கடை நானா. ராத்தா வெறும் வாளியோடு வாசல் படலையை மறித்து நின்றா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவவுக்கு.

"நோயில்ல நானா, இது எங்களோட சேர்ந்து இருபது நோன்பு பிடிச்சிருக்கு. நோன்பாளிய எப்பிடி நானா அறுக்கக் குடுக்கிற?"

பால் பழையபடி கூடி, பெருநாளுக்கு என் வீட்டுக்கும் ஒரு சட்டித் தயிர் வந்தது, அன்றிலிருந்து நான் எந்த வீட்டிலும் "தண்ணி குடிக்குதா?" என்று கேட்பதில்லை, "வாளி எங்கே?" என்றுதான் கேட்கிறேன்.