கோயில் வாசலுக்கு லாரி வந்த வருஷம்

அறுபதுகளின் கடைசியில், ஒரு ஐப்பசி மாதத்தில் நடந்தது இது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர் வரும். பிள்ளைகளே, அப்போது உங்களில் ஒருவர்கூடப் பிறக்கவில்லை. உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன், கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் ஊருக்குள் எங்கே கிணறு தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்க நல்ல தண்ணீர் என்றால் அம்மன் கோயில் முன்னால் இருக்கிற ஊருணி ஒன்றுதான். அது அம்மனுடைய ஊருணி என்பதால் யாரும் செருப்புக் காலோடு இறங்க மாட்டார்கள், துணி துவைக்க மாட்டார்கள், மாட்டை விட மாட்டார்கள். மேட்டுக் காட்டில் பெய்கிற மழை ஒரு வாய்க்கால் வழியாக ஓடி வந்து அதில் விழும். அந்த வாய்க்காலை வரத்துக்கால் என்போம்.

முந்தின வருஷம் மழை இல்லை. ஊருணி காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உங்கள் அம்மா தினமும் இரண்டு மைல் நடந்து, ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் காத்துக் கிடந்து ஒரு குடம் கொண்டுவருவாள். டவுனில் தறிச் சத்தத்துக்கு நடுவே, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள். ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“தீவாளிக்குள்ள ஊருணிக்குத் தண்ணி வந்தா இருக்கேன். இல்லைன்னா எங்கய்யா வீட்டுக்குப் போறேன். அங்க தறி கிடக்கு, நீங்களும் வாரதுன்னா வாங்க. இந்த நடை எனக்கு ஏலாதுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாகிவிட்டது. இருக்கிற நாலு குறுக்கம் பருத்திக் காட்டைப் போட்டுவிட்டு, மாமனார் வீட்டில் போய் உட்காருவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் அம்மனுக்குப் பொங்கல் வந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பொங்கலுக்கு முந்தின நாள், வீட்டுக்கு மூன்று கூடை வண்டல் மண்ணை ஊருணிக்குள் இருந்து அள்ளி, தலையில் சுமந்து, கரையில் கொட்ட வேண்டும். கொட்டிவிட்டுத்தான் அம்மனைக் கும்பிடலாம். எத்தனை பெரிய வீடானாலும் ஆள் வைத்துச் சுமக்க முடியாது. கிழக்குத் தெருவில் இருக்கிற வேதக்காரர்கள் அம்மனைக் கும்பிட மாட்டார்கள். ஆனால் குடிக்கிற தண்ணீர் ஒன்று என்பதால் அவர்களும் மூன்று கூடை சுமந்து கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்கள்.

அந்த வருஷம் பொங்கல் வேலைக்கு இளவட்டங்கள் நாங்கள்தான் பொறுப்பு. அதில் நான் முன்னால் நின்றேன். நாடகக் கம்பெனி ஒன்றைப் பேசி வந்திருந்தோம். அவர்கள் சாமான் ஏற்றிய லாரி ரோட்டோடு நின்றுவிடும். ரோட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே எட்டடி அகலத்துக்கு வரத்துக்கால். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. சனங்கள் சுமந்து வந்த மண்ணைக் கரைக்குப் போகவிடாமல், “இங்கன கொட்டுங்க, இங்கன கொட்டுங்க” என்று எல்லாவற்றையும் வரத்துக்காலுக்குள் கொட்டச் சொன்னேன். கிணற்று உப்புத் தண்ணீரைத் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்தோம். ரோடு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் லாரி ஆடி ஆடி வந்து கோயில் வாசலில் நின்றது. எங்கள் ஊர் எல்லைக்குள் வந்த முதல் லாரி அது. ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

பொங்கல் முடிந்தது, லாரி போனது. மண்ணை எடுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆறாம் நாள் மத்தியானம் பிடித்தது மழை. கிழக்கே கறுத்தது, புழுதி வாசம் வந்தது, அடுத்த நிமிஷம் பத்தடி தள்ளி நிற்கிற மாடு தெரியவில்லை. நான் வாசலில் நின்று, பருத்திக்குப் பேஞ்சிருச்சு, வீட்டுக்காரியும் இருந்துருவா என்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஊருணியைப் பார்க்க ஓடினாள். தெப்பமாக நனைந்து திரும்பி வந்தாள்.

“உங்க ஊருணியில குருவி குளிக்கத் தண்ணி இல்ல. எல்லாம் ரோட்டுப் பக்கம் ஆறாப் போகுது. அது என்ன மேடு, அந்த வாய்க்காலுக்குள்ள?”

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கரிசல் மண் நனைந்தால் தெரியுமல்லவா, அடிக்கு ஒரு படி மண் காலில் அப்பியது. போய்ப் பார்த்தால் வரத்துக்காலில் இடுப்புயரத்துக்குத் தண்ணீர் முட்டி நிற்கிறது. என் ‘ரோட்டில்’ இடித்து, பக்கவாட்டில் திரும்பி, ரோட்டுப் பக்கம் சரிகிற பள்ளத்தில் விழுந்து, யாருக்கும் உதவாமல் போகிறது. எங்கள் சீமையில் இப்படி ஒரு மழை திரும்ப எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? வெட்டினேன். இடித்து வைத்த வண்டல், வெட்டுக்கு ஒரு சிராங்கை, ஒரு கைப்பிடி மண்கூடப் பெயரவில்லை. மண்வெட்டி ஒட்டிக்கொண்டது.

பின்னாலேயே வந்த உங்கள் அம்மா ஒரு நிமிஷம் பார்த்தாள். நேரே கோயிலுக்குள் ஓடி, பூசை நேரத்தைத் தவிர யாரும் தொடாத மணியை அடிக்க ஆரம்பித்தாள். விடாமல் அடித்தாள்.

“எவடி அது, நேரங்கெட்ட நேரத்துல?” என்று பூசாரி ஓடிவந்தார். அவள் மணியை நிறுத்தாமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். அவர் பார்த்தார். பிறகு அவரே கயிற்றை வாங்கி அடித்தார்.

ஊரே வந்துவிட்டது. கடப்பாரை, கூடை, சோற்றுச் சட்டி, கையில் கிடைத்தது எல்லாம் வந்தது. “யாரு சொல்லி இதுல கொட்டுனோம்?” என்று ஒரு குரல் கேட்டது.

“நான்தான் சொன்னேன். என் புத்தி” என்றேன்.

“சரி, அம்மனுக்கு நாடகம் காட்டணும்னீக. இப்ப அவ காட்டுறா, பாத்துக்கங்க” என்றார் பூசாரி. அந்த மழையிலும் சிரிப்பு எழுந்தது. அதற்குமேல் என்னை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு நேரமும் இல்லை.

கிழக்குத் தெருக் கொத்தனார் கடப்பாரையோடு இறங்கினார். “தள்ளு மாப்ள. எங்க வீட்டு மூணு கூடையும் இதுக்குள்ளதான் கிடக்கு” என்றார். முழுவதையும் வெட்ட வேண்டாம், ஒரு முழம் அகலத்துக்கு வழி விட்டால் மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொள்ளும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் குத்தக் குத்த, பின்னால் நின்றவர்கள் கையாலேயே அள்ளிக் கூடைக்குக் கூடை கரையில் மாற்றினார்கள். ஊருணிக்குள் இருந்து ஏறிய மண் அன்றைக்குத்தான் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

விரல் தடிமனில் ஒரு கசிவு தெரிந்தது. “ஏலே, ஏறு, ஏறு” என்று கொத்தனார் கத்தினார். அவர் ஏறிவிட்டார். நான் ஏறுவதற்குள் மேடு உடைந்தது. காலை வாரிய தண்ணீர் என்னை உருட்டிக்கொண்டு போய் ஊருணிக்குள்ளேயே போட்டது. வாயெல்லாம் சேறு. எழுந்து பார்த்தால் என்னைச் சுற்றிச் செம்பழுப்பாகத் தண்ணீர் பரவுகிறது. வெடிப்புகள் எல்லாம் கொப்புளம் விட்டுக்கொண்டு குடிக்கின்றன. கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். நானும் சேற்றுக்குள் நின்றபடி பைத்தியக்காரன் மாதிரி கத்தினேன்.

அன்றைக்கு ஊருணி நிறையவில்லை. கீழிருந்து நாலாவது படி வரைதான் வந்தது, அதற்குள் மழை விட்டுவிட்டது. ஆனால் தீபாவளிக்கு அது போதும். கார்த்திகையில் பெய்த மழை மிச்சத்தை நிரப்பியது. ஊருணி தெளிந்த நாளில் உங்கள் அம்மா முதல் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஊருக்குப் போகிறாயா என்று நானாகக் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:

“அடுத்த பொங்கலுக்கு மண்ணு எங்க கொட்டுறதுன்னு நான்தான் சொல்லுவேன். நீங்க பேசாம சுமந்துட்டு வாங்க.”

அப்படித்தான் நீங்கள் எல்லாம் இந்த ஊரில் பிறந்தீர்கள். இப்போதும் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே விழுகிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சாமிக்குச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சாமியின் ஊருக்குக் கெடுதல் செய்துவிட முடியும் என்பது, அன்றைக்கு வாய் நிறையச் சேற்றோடு நின்ற எனக்குத் தெரியும்.