ஒரு கன்னத்துச் சீனி

செவ்வந்திக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஜாதகத்தில் ஏழாம் இடம் சரியில்லை என்பார் ஒருவர். வாய் கொஞ்சம் நீளம் என்பார் இன்னொருவர். இரண்டும் பொய். அவளுக்கு ஜாதகமே எழுதியதில்லை. பேச்சும், கேட்டதற்குப் பதில் என்ற அளவைத் தாண்டியதில்லை. உண்மையான காரணம் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கைப்பிடிச் சீனி, ஒரு பகல் வெயில். இவ்வளவு சின்னக் காரணத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வாழ்க்கை கெட்டுப்போவதென்றால் அதற்குத் தகுந்த பெரிய காரணம் இருந்தே ஆக வேண்டும் என்று மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

கீழக்கரைக்கு மேற்கே, காலையில் நடந்து போய்ப் பொழுது சாயத் திரும்பும் தூரத்தில் அவள் ஊர். அப்பா மூக்கையா பார வண்டி ஓட்டினார். கீழக்கரைச் சரக்கைக் கமுதிக்கு ஏற்றிப் போய், அங்கிருந்து பருத்தி மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏற்றி வருவார். அம்மா சோலையம்மாள். தங்கை முருகேஸ்வரி. செவ்வந்தி விவரம் தெரிந்த நாளிலிருந்து கீழக்கரையில் உம்மு ஹபீபா வீட்டில் வேலை பார்த்தாள். அந்த வீட்டு முதலாளி கொழும்பில் கடை வைத்திருந்தார். வீட்டில் இருந்தது பெண்கள்தான்: உம்மு ஹபீபா, அவர் மகள் நூர் நிஷா, முதலாளியின் தங்கை தாஜுன்னிசா.

அந்தப் பெண்கள் வாசல் தாண்டுவதில்லை. மாடிக்கும் போவதில்லை. பக்கத்து மாடியில் ஆண்கள் நின்றால் தெரியும் என்பதால், துணி உலர்த்துவது, தானியம் காயப் போடுவது, காக்கை விரட்டுவது எல்லாம் செவ்வந்தி பாடு. அந்த வீட்டில் வெயில் என்பது அவளுடைய இலாகா. மற்றவர்களுக்கு அது ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் வந்து விழுகிற ஒன்று, அவ்வளவுதான்.

நூர் நிஷாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தின வாரங்களில் பெண்ணுக்குச் சீனி தேய்ப்பது அந்த வீட்டு வழக்கம். சீனிக்குக் கார்டு இருந்த காலம் அது. ஆனாலும் முதலாளி எப்படியோ கொழும்பிலிருந்து வரவழைத்துவிடுவார். தேய்க்கிற கலவையைச் செய்கிறவள் செவ்வந்தி. சீனியை உரலில் போட்டு ரவைப் பதத்துக்கு இடிக்க வேண்டும். பெரிய குருணையாக விட்டால் தோலைக் கீறும். மாவாக்கிவிட்டால் அழுக்கு எடுக்காது. முதலில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, கடைசியில்தான் எலுமிச்சைச் சாறு. சாற்றை முந்தி விட்டால் சீனி கரைந்து பாகாகிவிடும். பிசைந்த கையோடு முழங்கை, முழங்கால், குதிகால் என்று வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். முகத்துக்கு விரல் நுனி மட்டும். தேய்த்த பிறகு நூர் நிஷா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லும் வரை தண்ணீர் படக் கூடாது. பாங்கு கேட்டதும் வெந்நீரும் பயற்றமாவும். கழுவித் துடைத்தபின் அவள் தோல், உரித்த நுங்கு மாதிரி இருக்கும். செவ்வந்தி அதைத் தினம் பார்த்தாள்.

அவளுக்கும் அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முன்பு இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, “நிறம் கொஞ்சம் மட்டு” என்று சொல்லிப் போயிருந்தார்கள். இப்போது மூக்கையா பருத்தி ஏற்றப் போகும் பழக்கத்தில் கமுதியிலிருந்து ஓர் இடம் வந்திருந்தது. பையன் சின்னக்கருப்பன், பஞ்சு அரவை ஆலையில் வேலை. குடிக்கமாட்டான் என்று மூக்கையா விசாரித்து வந்து சொன்னார். அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் தட்டிப்போனால் இனி எவன் வாசலில் போய் நிற்பது என்று அவர் வண்டி மாட்டிடம் பேசுகிற மாதிரி மகள் காதில் விழச் சொன்னார்.

அன்று தேய்த்தது போகக் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. செவ்வந்தி அதைக் கழுவ எடுத்துப் போகாமல் நின்றாள்.

“என்ன புள்ள, கால்ல வேர் முளைச்சிருச்சா?” என்றார் உம்மு ஹபீபா.

“இது வீணாத்தானே போவுது அம்மா. நான் கொஞ்சம் தேச்சுக்கிறவா? அடுத்த வாரம் கமுதியில இருந்து ஆள் வருது.”

தாஜுன்னிசா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். “கேட்டீங்களா மைனி. கழுதைக்குச் சேணம் கட்டிப் பாக்கணுமாம்.”

“சும்மா இருங்க மாமி. பாவம், தேச்சுக்கிட்டுப் போறா” என்றது நூர் நிஷா, உள்ளே படுத்தபடி.

“தேய்க்கட்டும், நான் வேணாங்கலையே. நானே தேச்சு விடுறேன்.” தாஜுன்னிசா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். “ஆனா ஒரு கன்னம் மட்டும். மறு கன்னம் அப்படியே கெடக்கட்டும். அப்பத்தானே நம்ம சீனி பெருசா, இவ கறுப்பு பெருசான்னு தெரியும்?”

உம்மு ஹபீபாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செவ்வந்தியும் சிரித்தாள். கூடச் சிரிக்காவிட்டால் கிண்ணம் கைவிட்டுப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு ஒரு கன்னம் ஆகட்டும், நாளைக்கு மிஞ்சுவதில் மறு கன்னத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து வலது கன்னத்தைக் காட்டினாள். தாஜுன்னிசா பாத்திரம் துலக்குகிற வேகத்தில் தேய்த்தாள். சாறு போதவில்லை என்று இன்னொரு மூடியையும் பிழிந்துவிட்டாள். அது காதோரம் இறங்கிக் கழுத்தில் கோடாக வழிந்தது.

“எப்பக் கழுவணும்?” என்று கேட்டாள் செவ்வந்தி. அவளுக்குத் தெரிந்ததுதான். தனக்கும் அதே விதிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டாள்.

“அஸர் பாங்கு வரைக்கும் தண்ணி படக் கூடாது” என்றாள் நூர் நிஷா.

“மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இங்கன உக்காந்திராத” என்றார் உம்மு ஹபீபா. “மாடியில பலகாரத்துக்கு அரிசி கெடக்கு. காக்கா கொண்டு போயிரும்.”

செவ்வந்தி மாடி ஏறினாள். பங்குனி வெயில். சுவர் நிழல் காலடியில்கூட விழாத நேரம். பாயில் அரிசியைக் கிளறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னம் காந்தியது. சீனி வேலை செய்கிறது என்று நினைத்தாள். முந்தானையால் மூடலாமா என்று தோன்றியது. துணி ஒற்றியெடுத்துவிடுமே என்று விட்டுவிட்டாள். அஸர் பாங்கு கேட்கும் வரை அந்தக் கன்னத்தை அவள் தொடவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வது நல்ல குணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொன்னவர்கள் எந்த அறையில் இருந்துகொண்டு சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலைத் தாங்காது. அந்த விதியை உண்டாக்கியவர்கள் கதவைச் சாத்திய அறையில் படுத்திருந்தவர்கள். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்க அவர்களுக்கு அவசியம் வந்ததில்லை.

மறுநாள் கன்னம் சிவந்து வீங்கியது. அதற்கு மறுநாள் கொப்புளம். காதோரத்திலிருந்து கழுத்து வரை, சாறு வழிந்த கோடு எதுவோ அதே கோட்டில் நீர் கட்டி நின்றது. அந்த முகத்தோடு வேலைக்கு வந்தவளைப் பார்த்துத் தாஜுன்னிசா வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“அம்மையா புள்ள? கல்யாண வீட்டுக்குள்ளயா கொண்டாந்த?”

“அம்மை இல்ல. நேத்து முந்தாநாள் தேச்சது...”

“தேச்சதா? ஒரே கிண்ணம். ஒரே சீனி” என்றார் உம்மு ஹபீபா. “என் மகளுக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு ஆயிருக்குன்னா கோளாறு எங்கன இருக்கு, நீயே சொல்லு.”

கேள்வி சரியாக இருப்பதுபோலத்தான் செவ்வந்திக்கும் பட்டது. உள்ளறையில் நூர் நிஷா கண்ணாடியை எடுத்துத் தன் கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் அழுதாள் என்று பின்னால் சொன்னார்கள். எந்த முகத்தை நினைத்து அழுதாள் என்று சொல்லவில்லை. கல்யாணம் முடிகிறவரை வர வேண்டாம் என்று செவ்வந்தியை அனுப்பிவிட்டார்கள்.

சோலையம்மாள் மகளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பவுண்டர் வயதானவர். முகத்தைத் தொடாமலே குனிந்து பார்த்தார். கழுத்தில் இறங்கிய கோட்டைப் பார்த்தார்.

“எலுமிச்சம்பழம் ஏதும் தேச்சுக்கிட்டு வெயில்ல நின்னியாத்தா?”

செவ்வந்தி அம்மாவைப் பார்த்தாள். தனக்கு முன்பு கீழக்கரை வீட்டில் வேலை பார்த்தவளைச் சீனி திருடினாள் என்று சொல்லித்தான் நிறுத்தியிருந்தார்கள். சோலையம்மாள் அந்தக் கதையை வாரம் ஒரு தடவை சொல்லி, சீனி டப்பாப் பக்கமே போகாதே என்பாள். தேய்த்தேன் என்றால் அம்மா முதலில் நினைப்பது அதைத்தான். அதைவிடவும் ஒரு வெட்கம் இருந்தது. சிவப்பாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதை அவளால் ஒரு வேற்று ஆண் முன்னால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

“இல்ல” என்றாள்.

“ஒண்ணுமே தேய்க்கலையா?”

“இல்ல.”

கம்பவுண்டர் நிமிர்ந்தார். “அப்படின்னா ரத்தத்துல கெடுதல் இருக்கு” என்று ஒரு களிம்பைக் கொடுத்தனுப்பினார்.

ஆம் என்று சொல்லியிருந்தால், தானாக வாடிவிடும், கறுப்பும் சில மாதத்தில் மறைந்துவிடும் என்று சொல்லியிருப்பார். பெண் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு ‘இல்ல’யால் அது தீராத வியாதி ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் சோலையம்மாள் முருகேஸ்வரியைக் கூப்பிட்டு, “உன் நல்ல சேலை எங்க?” என்று கேட்டாள்.

கமுதிக்காரர்கள் வந்த அன்று கொப்புளம் உடைந்து கருகிப் போயிருந்தது. பெரியவளைப் பார்க்க வரும்போது சின்னவளை அக்கம்பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். முன்பு இரண்டு தடவையும் அப்படித்தான் செய்தார்கள். இந்தத் தடவை சோலையம்மாள் அனுப்பவில்லை. காப்பி கொண்டுபோய் வைக்க ஆள் வேண்டாமா என்றாள். அவள் கணக்குப் போட்டுத்தான் செய்தாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. வாசலுக்கு வந்த இடம் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதுவரை மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வந்தி இடது கன்னம் வெளியே தெரிய, கதவு நிலையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். பையனின் அம்மா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: “ஏத்தா, அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கியே. இங்கிட்டுத் திரும்பு.”

திரும்பினாள். கறுத்த கன்னத்துக்குப் பக்கத்தில் நல்ல கன்னம் இருந்தது. இரண்டும் ஒன்றாகக் கருகியிருந்தாலாவது கறுப்பு முகம் என்று விட்டிருப்பார்கள். பையன் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“இது என்ன?” என்றாள் பையனின் அம்மா, மூக்கையாவைப் பார்த்து.

“சின்னச் சூட்டுக் கொப்புளம்” என்று அவர் ஆரம்பித்தார்.

“ரத்தத்துல கொஞ்சம் கெடுதல்னு சொன்னாக” என்றாள் சோலையம்மாள். மறைக்கக் கூடாது என்கிற மாதிரி சொன்னாள்.

அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். முருகேஸ்வரி குனிந்து அதை எடுத்தாள். அந்தம்மாவின் கண் அவளோடு எழுந்து, அவளோடு அடுப்படி வரை போய், திரும்பி வந்தது.

“அது யாரு, சின்னவளா?”

“ஆமா.”

“வண்டி கட்டி இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. வெறுங்கையோட போனா எங்க பக்கத்துல சிரிப்பாக. சின்னவளப் பேசி முடிச்சிருவமே?”

“பெரியவ இருக்கையில...” என்றார் மூக்கையா.

“பெரியவளுக்குப் பாருங்க, யாரு வேணாங்கா. எங்களுக்கு வைகாசியில முடியணும்.”

மூக்கையா பெரிய மகளைப் பார்க்கவில்லை. முருகேஸ்வரி அடுப்படியில் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவி முடித்த டம்ளரை மறுபடியும் கழுவினாள். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று செவ்வந்தி காத்திருந்தாள். அவள் சொல்லவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளும் அந்த வீட்டில் பிறந்த பெண்தான், அவளுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. குறை சொல்ல முடியாதவர்கள் செய்கிற காரியம் வலிக்காது என்று சொல்வதற்கில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட வேண்டாம் என்று செவ்வந்தியைச் சமையல் பந்தலுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அவள் தேங்காய் துருவினாள்.

ஆடியில் கறுப்பு வெளிறியது. ஆவணியில் கழுத்துக் கோடு போயிற்று. புரட்டாசி முடிவதற்குள் இரண்டு கன்னமும் ஒன்றாகிவிட்டன. நூர் நிஷாவின் கல்யாணம் என்றைக்கோ முடிந்துவிட்டதால் கீழக்கரை வீட்டிலிருந்தும் கூப்பிட்டனுப்பினார்கள். தாஜுன்னிசா அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“நான் தேச்சது வீணாப் போகல, பாத்தீங்களா மைனி. கொஞ்சம் தாமசமா வேலை செஞ்சிருக்கு.”

செவ்வந்தி அன்றும் கூடச் சிரித்தாள்.

கெடுதல் ரத்தத்தில் இல்லை என்று சோலையம்மாளுக்கும் அப்போது தெரிந்துவிட்டது. தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தங்கைக்கு முதலில் முடித்த வீட்டில் மூத்தவளைக் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன கோளாறு என்பதைத்தான். கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் எழுந்து போவார்கள்.

ஐப்பசியில் தலைதீபாவளிக்கு முருகேஸ்வரியும் சின்னக்கருப்பனும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு இலை போட்டார்கள். செவ்வந்தி பரிமாறினாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அவன் நன்றாகச் சாப்பிடுகிறவன். பாதிச் சாப்பாட்டில் ஏதோ நினைவு வந்ததுபோல மனைவியிடம் கேட்டான்.

“ஏய், உனக்கு ஒரு அக்கா உண்டுல்ல, முகத்துல வெந்தாப்புல இருந்துச்சே. பாவம். அவுகள எங்கன காணோம்?”

சோலையம்மாள் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். முருகேஸ்வரி அக்காவைப் பார்த்தாள். இரண்டு கன்னமும் மாசில்லாமல், கையில் ரசக் கிண்ணத்தோடு, தன்னைவிட ஒரு விரற்கடை உயரமாக நின்ற அக்காவை. அந்தக் கண்ணில் இருந்தது பயம் என்று செவ்வந்திக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. தன் நல்ல முகத்தைப் பார்த்து ஒருத்தி பயந்தது அதுதான் முதல் தடவை.

“கீழக்கரைக்கு வேலைக்குப் போயிருக்கா” என்றாள் முருகேஸ்வரி.

“நல்ல நாளும் பொழுதுமாவா?” என்றான் அவன்.

“ஆமா.”

யாரும் மறுக்கவில்லை. செவ்வந்தியும் மறுக்கவில்லை. குனிந்து, “ரசம் ஊத்தவா?” என்று கேட்டாள்.

“ஊத்துத்தா” என்றான் சின்னக்கருப்பன். சோற்றில் குழி பண்ணிக் காட்டினான், நிமிர்ந்து பார்க்கவில்லை.