கனவு வலையைப் பள்ளியில் மாட்டிய சரோஜா டீச்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை, துணி அலசிக்கொண்டிருந்தபோது சரோஜா டீச்சரின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா. "டீச்சர் தவறிட்டாங்கம்மா. தூக்கத்துலயே போயிருக்காங்க. போன்ல கடைசியா உங்ககிட்டதான் பேசியிருக்காங்க, அதான் உங்களுக்கு மொதல்ல சொல்றேன்." சனிக்கிழமை மாலை டீச்சர் என்னிடம் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. திங்கட்கிழமை சத்துணவுக்கு முட்டை வந்துவிடுமா என்று கேட்டார். வந்துவிடும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில், ரோட்டோரம் இருக்கும் சிறிய தொடக்கப்பள்ளி எங்களுடையது. ஆசிரியர்கள் நாங்கள் இருவர்தான். அவர் பெரம்பலூரிலிருந்து வருவார், நான் அரியலூரிலிருந்து. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபின் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அவரிடம் படித்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர் அதட்டி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடமே சொல்லிவிடுவார்.

போன வருடம் பள்ளி திறந்த வாரம் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். ட்ரீம் கேட்சர் என்கிற கனவு வலை செய்யும் பெட்டி. ஒரு வளையம், நூல்கண்டு, மணிகள், சாயம் போட்ட இறகுகள். சென்னையிலிருக்கும் அண்ணன் மகள் லீவுக்கு வருவாள் என்று வாங்கி வைத்திருந்தாராம். "அவ வரல. ஏதோ கோச்சிங் கிளாஸாம். இங்கதான் இத்தன புள்ளைங்க இருக்கே," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இருந்தது ஒரே வளையம், பிள்ளைகளோ பத்தொன்பது பேர். ஆளுக்கு ஒரு முடிச்சு என்று வரிசையில் நிற்கவைத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே இருந்தன. மூன்று முறை பிரித்து முதலிலிருந்து பின்னினார்கள். பாதியில் நூல் தீர்ந்துபோக, பக்கத்து வீட்டில் பூ கட்டும் நூல் வாங்கி வந்தோம். இறகும் போதாமல் கோழி இறகு பொறுக்கி வந்தார்கள். முடிந்தபோது வளையம் ஒரு பக்கம் கோணியிருந்தது. டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதத் தூங்குற எடத்துல மாட்டுனா கெட்ட கனவெல்லாம் வலையில மாட்டிக்குமாம். பெட்டியில போட்டிருக்கு. நெசமான்னு எனக்குத் தெரியாது. மொதல்ல யார் வூட்டுக்கு?" என்றார்.

எல்லாரும் கை தூக்கினார்கள், நாலாம் வகுப்பு துர்காவைத் தவிர. அவளுடைய அம்மா அதற்கு முந்தைய வருடம் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார்.

"உனக்கு வேணாமா?"

"டீச்சர், எந்திரிச்சா அழுகை வர்ற கனவு கெட்ட கனவா?"

"ஏம்மா?"

"எங்கம்மா வருது. பேசாது. முழிச்சதும் அழுகையா வருது. ஆனா அது வரணும் டீச்சர்."

சரோஜா டீச்சர் தூக்கிப் பிடித்திருந்த வளையத்தைக் கீழே இறக்கினார். பிறகு, "அப்ப எங்க மாட்டலாம், நீயே சொல்லு," என்றார்.

"பள்ளிக்கூடத்துலயே மாட்டுங்க. இங்க யாரும் தூங்க மாட்டோம்ல."

ஜன்னல் கம்பியில் மாட்டினோம்.

அன்று மதியம் சாப்பிடும்போது டீச்சர் சொன்னார்: "எனக்கும் எங்கம்மா வராங்க டீச்சர். அந்தப் புள்ளைக்காவது சொல்றதுக்கு நம்ம இருக்கோம். நான் காலையில எந்திரிச்சு யார்கிட்ட சொல்ல?" "குழம்பு போட்டுக்கங்க," என்றேன். அவர் போட்டுக்கொண்டார். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து வருகைப் பதிவு எடுக்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் என்ன கனவு வந்தது என்று கேட்கத் தொடங்கினார். பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்பார். பொய்க் கனவு சொன்னாலும் முழுதாகக் கேட்பார்.

மாலையில் ரோட்டின் இந்தப் பக்கம் அவர் நிற்பார், எதிர்ப்பக்கம் நான். அவருடைய பஸ் முதலில் வந்தால் ஏற மாட்டார். "நீங்க ஏறுங்க, நான் அடுத்ததுல போறேன். வூட்ல எனக்கு யாரு காத்திருக்கா," என்று குரல் கொடுப்பார். எனக்குத் துணையாக நிற்கிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்திருக்கிறது. முழுதாகக் கேட்பது அவருடைய பழக்கம். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்ள முயல்வது அது ஒன்றைத்தான்.

அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். பெரம்பலூரை அடுத்த குரும்பலூர்க்காரர், கணவர் துபாயில். நேற்று பஸ்ஸுக்கு நிற்கும்போது, "சீக்கிரம் போயி என்ன பண்ணப் போறேன், வூடு பூட்டித்தான கெடக்கு," என்றார். என் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. ரோட்டைத் தாண்டி அவர் பக்கம் போய், "சொல்லுங்க டீச்சர்," என்றேன்.