என் தலையில் நடந்த வாஷ் டெஸ்ட்

போன மாதம் எங்கள் பனியன் ஃபேக்டரியில் ஒரு கத்தரிக்கோல் காணாமல் போனது. வெறும் கத்தரிக்கோல்தானே என்று நினைக்காதீர்கள். துணிக்குள் மாட்டிக்கொண்டு ஏதாவது பெட்டியில் பேக் ஆகிவிட்டால், ஊரே கதி கலங்கும். அதனால் முந்தின நாள் சிசிடிவி பதிவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம் — நானும், செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் ஜெசிந்தா அக்காவும்.

திரையில் ஒருவர் செக்கிங் டேபிள் பக்கம் குனிந்து நின்றார். முகம் தெரியவில்லை. உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நடுவில் ஒரு சின்ன தட்டைக் கவிழ்த்தாற்போல பளபளவென்று வட்டம்.

“யாருங்க இந்தச் சொட்டைத் தலை? அனுமதியில்லாம செக்கிங்குள்ள வந்திருக்கான்?” என்று அதட்டினேன்.

ஜெசிந்தா அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“அது நீங்கதான் சார்.”

ஐம்பத்தோரு வருடமாக இந்தத் தலையோடு குடித்தனம் நடத்துகிறேன். கண்ணாடியில் தினமும் முன்பக்கம் பார்க்கிறேன். முன்பக்கம் விசுவாசமாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் இப்படி ஒரு சதி நடப்பதை யாராவது சொல்ல வேண்டாமா? கட்டின மனைவி? முடி வெட்டுகிறவர்? பேருந்தில் பின் சீட்டில் உட்காருகிற அத்தனை பேர்?

கத்தரிக்கோல் கிடைத்துவிட்டது. ஒரு மிஷினுக்கு அடியில் கிடந்தது. என் நிம்மதிதான் கிடைக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்து ஜெசிந்தா அக்காவுக்கே பாவமாகிவிட்டது. அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே திருப்பூருக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. முழங்கால் வரை தொங்குகிற பின்னலும் மாறவில்லை. அந்தப் பின்னல் சொன்னால் நான் கேட்காமல் இருக்க முடியுமா?

“இதுக்குப் போயி என்ன சார் இப்படிப் பயப்படுதீங்க? ராத்திரியே வெந்தயத்தை ஊறப் போடுங்க. காலைல கறிவேப்பிலையோட சேத்து அரைங்க. புளிச்ச தயிரு ஒரு கப்பு, முட்டை ஒண்ணு. கலக்கித் தலைல அப்பிட்டு, ஒரு துணியைச் சுடுதண்ணில நனைச்சுப் பிழிஞ்சு இறுக்கிக் கட்டிருங்க. ஒரு மணி நேரம். சூடு இறங்கினாத்தான் சத்து இறங்கும்.”

குவாலிட்டி மேனேஜர் என்பவன் எதையும் எழுதிக்கொள்கிறவன். அளவு, நேரம், சூடு எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டு என் மனைவி சாந்தாமணி ஓடி வந்தாள். கல்யாணமான நாள் முதலாக நான் மிக்ஸியைத் தொட்டதில்லை. ஏதோ விபரீதம் என்று நினைத்திருப்பாள். ஜாருக்குள் பச்சையும் மஞ்சளுமாக, வழவழவென்று, தூக்கினால் தொங்குகிற ஒரு வஸ்து.

“ஏனுங்க, என்னுங்க இது?”

“ஹேர் மாஸ்க்.”

“அது முடி இருக்கறவங்க போடறதுங்களே?”

இப்படிப்பட்ட ஆதரவோடுதான் ஓர் ஆண் இந்தச் சமூகத்தில் முன்னேற வேண்டியிருக்கிறது.

அப்பிக்கொண்டேன். குளிர்ந்தது. வழிந்தது. காதுக்குப் பின்னால் ஒரு கோடு, கழுத்து வழியாக ஒரு கோடு. தலையில் கட்டத் துண்டு கேட்டேன்.

“என்ற துண்டையெல்லாம் தர மாட்டனுங்க. முட்ட நாத்தம் ஏழு தொவைக்கும் போகாது. அந்தப் பையில கெடக்கற துணியில ஒண்ண எடுத்துக்கங்க.”

எல்லா ஊரிலும் வீட்டில் பழைய துணி இருக்கும். எங்கள் திருப்பூரில் மட்டும் புதுத் துணிதான் பழைய துணி. கட்டிங்கில் மிஞ்சுகிற பனியன் துணி மூட்டை மூட்டையாக வெளியே போகும். அதில் ஒரு கைப்பிடி எல்லோர் வீட்டுக்கும் வரும். தரை துடைக்க, வண்டி துடைக்க, சூடான பாத்திரம் இறக்க, தலையணைக்குள் அடைக்க — பனியன் துணி இல்லாமல் எங்களுக்கு ஒரு காரியமும் நடக்காது. அதைப் பிரித்துப் பார்த்து, இது எது என்று கேட்கிற பழக்கம் எங்களில் ஒருவருக்கும் கிடையாது. கையை விட்டேன். நல்ல மெத்தென்ற சிவப்புத் துணி வந்தது. சுடுதண்ணீரில் முக்கினேன். எங்கள் பாத்ரூம் பக்கெட்டும் சிவப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறம் மாறியது தெரியாமல் போனதற்கு என் தரப்பில் இருக்கிற ஒரே சாக்கு அதுதான்.

இறுக்கிக் கட்டிக்கொண்டு, பேப்பரைப் பிரித்து, ஒரு மகாராஜா போல உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தது. சிவப்பாக. இன்னொரு சொட்டு. நெற்றியைத் தொட்டேன். விரலெல்லாம் சிவப்பு.

“சாந்தாமணீ! ரத்தம்! தலைக்குள்ள ஏதோ ஒடஞ்சிருச்சு!”

அதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, எல்.ஐ.சி. பத்திரம் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். சாந்தாமணி நெசவு வீட்டுப் பெண். வந்தாள். என் நெற்றியில் ஒரு விரலை வைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எந்திரிங்க. ரத்தமில்லீங்க இது… சாயம்.”

ஷாம்பு போட்டேன். சோப்பு போட்டேன். எலுமிச்சம்பழம், தேங்காய் எண்ணெய், கடைசியில் பாத்திரம் கழுவுகிற லிக்விட். நெற்றியில் ஒரு சிவப்புப் பட்டை. காதுகள் இரண்டும் தக்காளி. மிச்சமிருக்கிற முடியில் பாதி நரை. அந்த நரை அத்தனையும் நல்ல ரோஸ் கலர்.

தொழில் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ஒழுங்காகப் பிடிக்காத சாயம் பருத்தியில் நிற்காது. ஆனால் கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் சூடும் கிடைத்தால் கம்பளிக்குச் சாயம் ஏறும். மனித முடியும் ஒரு வகைக் கம்பளிதான். நான் புளித்த தயிரைப் பூசி, சூடாகக் கட்டி, முக்கால் மணி நேரம் ஊற விட்டிருக்கிறேன். அதாவது என் தலைக்கு நானே முறைப்படி டையிங் செய்திருக்கிறேன்.

இந்த லட்சணத்தில் சாயம் போகிற துணியை எந்தக் கம்பெனிக்காரன் பாஸ் பண்ணினான்? ஆத்திரத்தோடு துணியை உதறினேன். துணி உருளையின் முனையிலிருந்து வெட்டிய துண்டு. முனையில் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: ‘லாட் 2. ஓகே.’ கீழே ஒரு கையெழுத்து.

என் கையெழுத்து.

பத்து நாளுக்கு முன்னால் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு ஆர்டருக்கு இரண்டு லாட்டாக, அதாவது இரண்டு தடவையாக, துணி சாயமேறி வந்தது. முதல் லாட்டை முறையாக டெஸ்ட் பண்ணினேன் — துணியை நனைத்து, வெள்ளைத் துணியோடு வைத்து அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பது. சுத்தமாக இருந்தது. இரண்டாவது லாட் இரண்டு நாள் தாமதம். கட்டிங் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதே கலர், அதே டையிங், அதே ரெசிபி… எதற்கு இன்னொரு டெஸ்ட்? ‘ஓகே’ என்று எழுதி, கீழே கையெழுத்தையும் போட்டுவிட்டேன்.

“எந்த ஆர்டருங்க இது?” என்றாள் சாந்தாமணி.

“கைக்கொழந்தைக போடறது. கழுத்துலருந்து காலு வரைக்கும் ஒரே துணி.”

அவள் துணியைக் கையில் வாங்கினாள்.

“கொழந்தைக கழுத்துப் பட்டிய எந்நேரமும் வாயில வெச்சுச் சப்புமுங்களே…”

அந்த ஆர்டர் மொத்தமும் பேக் ஆகி, பெட்டியாக அடுக்கியிருந்தது. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு லோடிங். சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால்.

உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பத்தியில் உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஐந்து நிமிடம் நான் சும்மா நின்றேன். கப்பல் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒருவேளை இந்தத் துண்டு மட்டும்தான் இப்படியோ? குழந்தைகள் தயிரில் ஊறுவதில்லையே? ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எவ்வளவு வேகமாக வக்கீல் ஆகிவிடுகிறான் பாருங்கள்!

“போன் பண்ணுங்க” என்றாள்.

போன் பண்ணினேன். முதலாளி எடுக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் பஸ் என்னை முந்த, நான் அதை முந்த, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முட்டை நாற்றம் என்னை முந்தியது.

ஃபேக்டரி வாசலில் லாரி நின்றது. முதல் வரிசைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. முதலாளி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்தச் சொல்லுங்க!” என்றேன்.

“என்னுங்க மேனேஜரே, ஹெல்மெட்டக் கழட்டாம வந்து நிக்கறீங்க? பேங்க்ல திருட வந்தாப்புல?”

கழற்றினேன்.

முதலாளி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார். லோடிங் ஆட்கள் சிரித்தார்கள். லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். ஜெசிந்தா அக்கா மட்டும் வாயில் கையை வைத்துக்கொண்டார்.

“சார்… நான் வெந்தயந்தான சொன்னேன்!”

“இது நம்ம லாட் ரெண்டுங்க” என்று முதலாளியிடம் துணியை நீட்டினேன். “நான் டெஸ்ட் பண்ணலீங்க. பண்ணாமயே கையெழுத்துப் போட்டுட்டனுங்க.”

சிரிப்பு நின்றது. அவர் துணியைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். லாட் இரண்டு பெட்டி ஒன்றை இறக்கிப் பிரித்து, ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்தச் சொன்னார். பிரித்தால் — வெள்ளைத் துணி முழுக்க ரோஸ்.

“நீங்க வரலீன்னா இது போயிருக்குமுங்க” என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, “நீங்க அன்னைக்கே ஒழுங்கா பண்ணியிருந்தா இது பொட்டிக்குள்ளயே வந்திருக்காதுங்க!”

இரண்டும் உண்மை. இரண்டுக்கும் தலையாட்டினேன்.

லாட் ஒன்று மட்டும் லாரியில் ஏறியது. லாட் இரண்டு மொத்தத்தையும் பிரித்து, மறுபடி வாஷிங்குக்கு அனுப்பினோம். அந்த வாரம் முழுக்க ஜெசிந்தா அக்காவின் டீமோடு சேர்ந்து நானும் பெட்டி பிரித்தேன். ரோஸ் தலையோடு குனிந்து நின்றால் எந்த கேமராவிலும் நன்றாகத் தெரியும். யாரும் ‘யாரது’ என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாஷிங்கிலிருந்து வந்ததை ஒவ்வொரு கட்டாக நனைத்து அழுத்திப் பார்த்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

மிச்சம் இருந்தது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு விளக்கம் எழுதுவது. இரண்டாவது லாட்டுக்கு முறையான டெஸ்ட் விட்டுப்போனதை மறைக்காமல் எழுதச் சொன்னார் முதலாளி. எழுதினேன். பையரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: பேக்கிங் முடிந்த பிறகு எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வெந்தயம், தயிர், முட்டை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. அழித்துவிட்டு, ‘எங்கள் குவாலிட்டி மேனேஜர் தன் சொந்தப் பொறுப்பில் கூடுதலாக ஒரு டெஸ்ட் செய்தார்’ என்று எழுதினேன். இதில் ஒரு எழுத்தாவது பொய்யா, சொல்லுங்கள்?

மறுநாளே பதில் வந்துவிட்டது. தாமதத்தை ஏற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை — அந்தக் கூடுதல் டெஸ்ட்டை இனி எல்லா லாட்டுக்கும் தவறாமல் செய்ய வேண்டுமாம்.

சரி என்று எழுதிவிட்டேன். எப்படியும் முடிக்கு நல்லதுதானே!