மடு மண்ணால் மினுக்கிய தாச்சி

கிழவிகள் எப்படிச் சிநேகிதம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டில் உலை கொதிக்கவில்லையா, துவைக்க உடுப்புக் கிடக்கவில்லையா? புதினம் என்றால் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவீர்கள். சரி, வந்ததுதான் வந்தீர்கள், இருங்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். கதை முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கதைக்க ஆள்தான் இல்லை. மகளும் மருமகனும் விடியக் கந்தோர் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார்கள். அதுவரைக்கும் நானும் தொலைக்காட்சியும். அது பேசும், நான் பதில் சொன்னால் கேட்காது. கன்னியாஸ்திரிமார் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று நானேதான் சொன்னேன். மகள் அழுதாள். பிறகு, ஒரு மாதம் இருந்து பாருங்கள், அங்கேயும் ஆளில்லாமல் தனியே இருப்பதென்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றாள்.

மூன்று கிழமை போயிற்று. ஒரு சிநேகிதமும் அகப்படவில்லை.

என் அறையில் இரண்டு பேர். ஒருத்தி அரிப்பு ஊர்க்காரி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மற்றவளுக்குக் கண் மங்கல், ஆனால் கோழி முட்டையிடுவதுகூடக் காதில் விழும். காலைச் செபம் முடிந்ததும் இரண்டு பேரும் வேப்பமரத்தின் கீழ்க் கதிரை போட்டால் மதிய மணி அடிக்கும் வரைக்கும் வாய் மூடாது. நானும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போவேன். "சாப்பிட்டியளோ அக்கா?" என்று அரிப்புக்காரி கேட்பாள். அதோடு இரண்டு பேரும் ஊமையாகிவிடுவார்கள். பேசாமல் இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்னை அக்கா என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வாய்க்கு ருசியாகக் கொடுத்தால் வாய் திறக்கும் என்று நினைத்தேன். சிஸ்டரிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு நாள் குசினிக்குள் புகுந்து சுறா வறை செய்தேன். வறை நன்றாகத்தான் வந்தது. இரண்டு பேரும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றார்கள். தின்றுவிட்டு வேப்பமரத்துக்குப் போய்விட்டார்கள்.

வறை செய்த தாச்சிச் சட்டியின் அடி கருகிப் போயிருந்தது. நாங்கள் கடற்கரையில் இருந்த சனம், மீன் சட்டி என்றால் மண் போட்டுத்தான் தேய்ப்போம். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மதிலில் ஒரு பால்மாத் தகரப் பேணி இருந்தது. திறந்தால் நல்ல சிவந்த மண். சட்டி தேய்க்கத்தான் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று பேணியைக் கவிழ்த்து, இருந்த கோபத்தையும் சேர்த்துத் தேய்த்தேன். தாச்சி கண்ணாடி மாதிரி மினுங்கியது.

பேணியைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் சமையற்காரப் பிள்ளை வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். அது அரிப்புக்காரி வைத்திருந்த மடு மாதா கோயில் மண்ணாம். மழையில் ஈரம் பிடித்ததென்று வெயிலில் வைத்திருந்தாளாம். மாதாவின் மண் இருக்கும் இடத்தில் பாம்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் மாலையில் அவள் வாசற்படியில் ஒரு சிட்டிகை தூவுவதை நானும் கண்டிருக்கிறேன். பேணியைத்தான் கவனிக்கவில்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்றா? முற்றத்து மணலை அள்ளிப் பேணியை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மாலையில் அரிப்புக்காரி வாசலுக்கு வந்தாள். உள்ளங்கையில் கொட்டினாள். வெள்ளை மணல். நடுவில் ஒரு குட்டிச் சிப்பி.

"மடுக் காட்டுக்குக் கடல் எப்ப வந்தது?" என்றாள்.

மாதாவின் புதுமை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அவளுடைய புருஷன் கடைசியாக மடுத் திருவிழாவுக்குப் போனபோது, தாங்கள் வழக்கமாகக் கூடாரம் அடிக்கும் இடத்தில் அள்ளி வந்த மண்ணாம் அது. பிறகு அவர் கண்ணை மூடிவிட்டார். முழங்கால் வருத்தத்தில் இவளும் அங்கே போகவில்லை.

"நான்தான் எடுத்தனான். அதாலை தாச்சி மினுக்கிப்போட்டன்" என்றேன்.

கட்டிலில் இருந்த கண் மங்கின கிழவிதான் செபமாலையை உருட்டியபடி சொன்னாள், "இனி அந்தத் தாச்சிக்குக் கிட்டவும் பாம்பு வராது."

அரிப்புக்காரி அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வயிறு குலுங்கியது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு சிரிப்பு வெடித்தது. கண்ணீரும் வந்தது. எது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினாள் பாருங்கள், அக்கா மரியாதை எல்லாம் பறந்து, "எடியேய்" என்று தொடங்கினாள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அடுத்த கிழமை மூன்று பேரும் மடு பஸ்ஸில் ஏறினோம். கண் மங்கினவளுக்கு நான் கை கொடுத்தேன், அரிப்புக்காரிக்குத் தோள் கொடுத்தேன், நடுவில் என் செருப்பு அறுந்தது. கூடாரம் அடித்த இடம் இந்தப் பாலை மரத்தடியா, அந்த மரத்தடியா என்று அரிப்புக்காரிக்கே நிச்சயமில்லை. இரண்டிலும் அள்ளினோம். திரும்பும்போது பஸ்ஸில் என் குமர்க் காலத்துக் கதை ஒன்றை எடுத்துவிட்டேன். முன்னுக்கு இருந்த சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மறுநாள் நான் முகம் கழுவி வருவதற்கு முன்பே வேப்பமரத்தின் கீழ் மூன்று கதிரை கிடந்தது.

மாத முடிவில் மகள் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியடியில் கூடிவிட்டார்கள். அங்கே சரிவரவில்லையோ என்று அவர்கள் கேட்டபோது முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்கவேண்டும். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"என்னெண்டு, பிள்ளையள், சரிவரும்? ஒருத்தி திட்டாமல் தேத்தண்ணி குடிக்காள். மற்றவள் தன்ரை கோப்பை எண்டு என்ரை கோப்பையைக் குடிக்கிறாள். ஒரு நிமிசம் தனிய இருக்க விடுகினமில்லை. மிச்சச் சீலையளையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தனான்."