பின்சீட்டுத் தரை

அப்பா மேல் இருந்த பாசத்தால்தான் அந்த அம்பாசடரை நான் சரி செய்தேன் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாசமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்குக் கோபம். அப்பா சாகும் வரை அந்தக் காரின் முன்சீட்டில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. அம்மாவும்தான். இத்தனைக்கும் அது ஒரே நீள சீட்டு, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடுவே அப்பாவின் கைப்பை உட்கார்ந்து வரும்.

அப்பா தோல் புரோக்கர். பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புப் போட்டு மடித்து, கோணியில் சுற்றி, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். டிக்கி நிரம்பினால் மீதி பின்சீட்டுத் தரையில். கல்யாணத்துக்குப் போகும்போதும் சரக்கு இருக்கும். போகிற வழியில் இறக்கிவிடலாம் என்பார். பட்டுப்புடவை கட்டிய அம்மாவின் காலடியில் உப்புத்தண்ணீர் ஒழுகிக்கொண்டு வரும். முன்னால் இருவரும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்குவார்கள்.

முப்பது வருடம் உப்பு தின்ற தகடு என்ன ஆகும்? அப்பா போனபிறகு ஒருநாள் கதவைத் திறந்தேன், கதவின் அடிப்பாகம் பொரித்த அப்பளமாக உதிர்ந்தது.

வேலூரில் இருக்கும் அண்ணன் காயலான் கடைக்காரனிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கே வந்தான். ஆர்சி புத்தகம் அம்மா பெயருக்கு மாறியிருந்தது, அதனால் விற்க அவள் கையெழுத்து வேண்டும். ஆர்சி காலாவதியாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது, புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியை ஆர்டிஓ ஆபீசில் காட்டிப் பாஸாக வேண்டும். "நான் சரி பண்றேன், ஆர்டிஓ ஆபீசுல காட்டலாம்" என்றேன். அண்ணன் சிரித்தான்.

"இன்னா, நீ டிங்கர் வேலை பாக்கப் போறியா? பேஜார் பண்ணாத. உனுக்குத் தெரிஞ்சது செருப்பு வெட்றது."

அம்மா பேனாவை மூடி அவனிடமே கொடுத்தாள். "ஆர்டிஓ ஆபீசுல பாஸாவலன்னா போட்றேன். அதுவரிக்கும் வண்டி இங்கியே நிக்கட்டும்."

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவள். பத்தொன்பது வருடமாக அதுதான் என் பிழைப்பு. அண்ணன் சொன்ன 'செருப்பு' அதுதான். அந்த வார்த்தைக்காகவே அந்தக் கார் ஓடியாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இன்ஜினை ஒரு மெக்கானிக் ஒரே நாளில் கிளப்பிக் கொடுத்துவிட்டார். பாடிதான் தலைவலி. பைபாஸ் ஓரம் டிங்கர் கடை வைத்திருப்பவர் வந்து பார்த்தார். "பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்றேன்க்கா. யாருக்கும் தெரியாது" என்றார். எனக்குத் தெரியுமே என்றேன். மாவு மாதிரி பட்டியை அப்பி ஓட்டையை மூடுவதற்கு நான் எதற்கு? அவரிடம் ஒரு சின்ன வெல்டிங் மெஷினை மட்டும் வாடகைக்குக் கேட்டேன். மனுஷர் நல்லவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். முதல் நாள் நான் ஒட்டியதைவிட ஓட்டை போட்டதுதான் ஜாஸ்தி.

ஆனால் அளவெடுப்பதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூவுக்குக் கால் வடிவத்தில் ஒரு கட்டை இருக்கும். அதன்மேல் பேப்பர் டேப்பை ஒட்டி, கோடு போட்டு, அப்படியே உரித்து அட்டையில் விரித்தால் பேட்டர்ன் கிடைத்துவிடும். மட்கார்டுக்கும் அதையே செய்தேன். வலதுபக்கம் உளுத்திருந்தது, இடதுபக்கம் ஓரளவு நன்றாக இருந்தது. இடதில் டேப் ஒட்டி உரித்து, அட்டையைத் திருப்பிப் போட்டேன். டிங்கர்காரர் வாயைப் பிளந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவு, மட்கார்டு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை என்று ஏழு துண்டையும் ஒரே மூச்சில் தகட்டில் வெட்டி முடித்தேன். கம்பெனிப் பழக்கம் அது. முழுக்க வெட்டி முடித்த பிறகுதான் தையலுக்குப் போகும்.

வெட்டத் தொடங்கிய எட்டாவது நாள் முதல் துண்டைப் பொருத்திப் பார்த்தேன். சுற்றிலும் மூன்று மில்லி இடைவெளி. இரண்டாவது துண்டும் அப்படியே. ஏழும் அப்படியே. அப்போதுதான் உறைத்தது. தோல் இழுபடும், கட்டையில் இழுத்துப் பிடித்தால்தான் சுருக்கமில்லாமல் உட்காரும். அதற்காக மூன்று மில்லி கழித்தே வெட்டுவோம். பத்தொன்பது வருடமாகக் கழித்துக் கழித்து, என் கை என்னைக் கேட்காமலே தகட்டிலும் கழித்துவிட்டிருந்தது. இரும்பை எந்த இடுக்கியால் இழுப்பது?

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். எப்படித்தான் அவனுக்கு மூக்கில் வேர்க்குமோ. துண்டை எடுத்து வைத்துப் பார்த்தான். "கம்மியா இருக்குதே" என்று சொல்லிவிட்டு, போகும்போது காயலான் கடைக்காரனுக்குப் போன் போட்டு நாள் குறித்தான், என் காதில் விழும்படி. அவன் தலை மறைந்ததும் நான் அழுதேன். அழுதுகொண்டே புதுத் தகட்டை விரித்தேன். இந்தமுறை கழிக்கவில்லை, ஒட்டுவதற்கு அரை அங்குலம் கூட்டி வெட்டினேன்.

கடைசியாகத்தான் தரைக்கு வந்தேன். முன்பக்க ரப்பர் மேட்டைத் தூக்கினால், தகட்டின்மேல் கெட்டியான ஷூ அடித்தோல் இரண்டு துண்டு, சொல்யூஷன் போட்டு ஒட்டியிருந்தது. டிரைவர் பக்கம் ஒன்று, அண்ணன் உட்காரும் பக்கம் ஒன்று. ஓட்டை விழுந்ததும் அப்பா ஒட்டியிருக்கிறார். தோல்காரனுக்கு அதுதானே தெரியும். ஈரம் குடித்த தோல் சுற்றியிருந்த தகட்டையும் சேர்த்துத் தின்றிருந்தது, அது வேறு கதை. பின்சீட்டுக்கு வந்தேன். ரப்பர் மேட்டுக்குக் கீழே மடித்த ஒரு கோணி. கோணிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டு முற்றத்து மண் தெரிந்தது. சரியாக அம்மா கால் வைக்கும் இடம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். கொஞ்சமும் அதிரவில்லை.

"தெரியுமே. கோணி நகந்தா ரோடு ஓடறது தெரியும். மழைல தண்ணி அடிக்கும். காலைத் தூக்கி வெச்சிப்பேன்."

"எத்தினி வருசமா?"

"யார் எண்ணினா? நீ காலேஜ் போறப்பவே இருந்துச்சி."

"அப்பாகிட்ட சொல்லலியா நீ?"

"சொன்னேனே. கோணி போட்டாரு."

நான் கையிலிருந்த, தகடு தேய்க்கும் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டேன். செத்தவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். நான் பட்டேன், நன்றாகவே பட்டேன். முன்சீட்டுக்கு அடித்தோல், பின்சீட்டுக்குக் கோணி. அந்தத் தரைக்கு மட்டும் மற்ற இடத்தில் போட்டதைவிடக் கனமான தகடாக வாங்கிவந்து, சுற்றிலும் விரலளவு இடைவெளிகூட விடாமல் வெல்டிங் வைத்தேன். அவ்வளவு தேவையில்லை என்றார் டிங்கர்காரர். அவருக்கு எப்படிச் சொல்வது?

ஆர்டிஓ ஆபீசுக்குப் போகிற அன்று அண்ணன் வந்து, கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தான். பழக்கதோஷம். அம்மா பின்னால் ஏறினாள், அதுவும் பழக்கதோஷம். நான் ஓட்டினேன். லைசென்சை அப்பாவுக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்து வைத்திருந்தேன். பாலாற்றுப் பாலம் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். அம்மா சீட்டின் நுனியில், இரண்டு காலையும் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழையும் இல்லை, ஓட்டையும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். மட்கார்டைத் தட்டினார், கதவின் அடியைக் குத்தினார், மேட்டைத் தூக்கித் தரையைக் குத்தினார். எங்கேயும் இறங்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "பட்டி போட்டு ஏமாத்தாம நல்லா பண்ணியிருக்கீங்க சார்" என்றார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவன் தொடவேயில்ல சார். இவதான் பண்ணா."

இன்ஸ்பெக்டர் என்னையும் என் கையில் இருந்த தீக்காயங்களையும் பார்த்தார். பிறகு பேப்பரில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போதும் அண்ணன் முன்சீட்டில்தான் ஏறினான். அம்மா பின்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். நான் சாவியைப் போடப் போனேன். பின்னாலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம். இன்னொன்று. அம்மா இரண்டு காலாலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தாள், எழுபத்திரண்டு வயதில், பல்லைக் கடித்துக்கொண்டு. நாலைந்து முறை மிதித்த பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். சுற்றி வந்து அண்ணன் பக்கக் கதவைத் திறந்தாள்.

"எறங்கு. பின்னாடி போய் உக்காரு. தரை கெட்டியாதான் கீது."