தெளிவில்லை என்று எழுதாத இடங்கள்

கணினியில் அந்தப் பெண்குரல் வாசிக்க ஆரம்பித்தால் போதும், அடுக்களையிலிருந்து என் மனைவி சத்தம் போடுவாள்.

"நான் பேசினா காதே கேக்கறதில்ல. அவ பேசினா மட்டும் காது மெஷின மாட்டிக்கினு தலையாட்டிக்கினு கீறீங்க."

அவள் சொல்லும் 'அவ', பார்வையற்றவர்களுக்கான வாசிப்பு மென்பொருள். திரையில் இருக்கும் எழுத்தை உரக்கப் படிக்கும். சித்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களை அது சரியாக வாசிக்கும்படி திருத்திக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது. திரையின் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படம் இருக்கும், மறு பாதியில் கணினி அதைப் பார்த்துப் படியெடுத்த எழுத்து. குரல் எழுத்தைப் படிக்கும், என் கண் படத்தின் மேல் போகும். இரண்டும் பிரிகிற இடத்தில் நிறுத்தித் திருத்துவேன்.

இந்த வேலையில் ஒரு விதி கண்டிப்பானது. அச்சு மங்கியோ பூச்சி அரித்தோ படிக்க முடியாமல் போன இடத்தில், அடைப்புக்குறிக்குள் 'தெளிவில்லை' என்று எழுதிவிட்டு நகர வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது. கல்வெட்டில் எழுத்து சிதைந்திருந்தால் புள்ளி வையுங்கள், கற்பனையை வைக்காதீர்கள் என்று வகுப்பில் வருடா வருடம் சொன்னவன் நான். எனக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வருடம் திருப்பதியிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. கேட்டவர் ஓர் அம்மாள், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வங்கியில் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தவர். அவருடைய அப்பா திருமலையில் பிரபந்தம் ஓதும் கைங்கர்யத்தில் இருந்தவர். தம் நினைவுகளைச் சொந்தச் செலவில் சிறு புத்தகமாகப் போட்டிருக்கிறார். வீட்டில் மிஞ்சியது ஒரே பிரதி. அவர் இருந்தவரை மகள் கேட்டபோதெல்லாம், "அதுல என்ன இருக்கு, பழங்கதை" என்று தட்டிவிடுவாராம். அவர் போன பிறகு வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. அண்ணனும் அண்ணன் பிள்ளைகளும் தெலுங்கில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்து படிக்க வராது. எங்கள் ஜில்லாவில் இது சாதாரணம்.

ஆக, அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

பக்கங்களைப் பூச்சி நன்றாகத் தின்றிருந்தது. ஆரம்பத்தில் விதிப்படிதான் செய்தேன். ஆனால் குரல் ஓட்டமாகப் படித்துக்கொண்டு வந்து, "அடைப்புக்குறி தெளிவில்லை அடைப்புக்குறி" என்று இடறும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. மடப்பள்ளியைப் பற்றிய ஒரு வரியில் ஓட்டை விழுந்த இடத்தில் 'நெய்' என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தாது. எழுதினேன். பிறகு பாதி வரி. பிறகு ஒரு முழு வரி. திரும்பக் கேட்டேன். அவர் எழுதியதையும் நான் எழுதியதையும் குரல் ஒரே மாதிரிதான் படித்தது. காகிதத்தில் ஒட்டுப் போட்டால் தெரியும், அந்தக் குரலில் தெரியவில்லை. அவர் நடை எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் அந்த மகள் பிறந்ததைப் பற்றிய பக்கம் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்ததும், குழந்தைக்குக் கண் தெரியாது என்று வைத்தியர் சொன்னதும் எழுத்துச் சிதையாமல் நன்றாக இருந்தன. கீழ்ப் பாதி சல்லடை. 'என்ன பாவம் செய்தேனோ' என்பது தெளிவாக நின்றது. பிறகு ஓட்டை. 'மடியில்' என்ற சொல். மறுபடி ஓட்டை. 'குரல்' என்ற சொல். அவ்வளவுதான்.

மகள் கேட்கப்போகிற பக்கத்தில் 'என்ன பாவம் செய்தேனோ' எதற்கு என்று அதை எடுத்துவிட்டேன். மிஞ்சிய இரண்டு சொற்களை வைத்து இப்படி எழுதினேன்: 'மடியில் வாங்கிக்கொண்டேன். என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். இவளுக்குச் சொல்லித்தர எனக்கு நிறைய இருக்கிறது என்று அன்றைக்கே மனசு நிறைந்தது.'

இரக்கத்தால் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், நன்றாக அமைந்துவிட்ட வாக்கியத்தை விட மனமில்லை என்பதுதான் உண்மை.

கோப்பை அனுப்பிச் சில வாரம் கழித்து அவர் ஃபோன் செய்தார்.

"சார், அப்பா என்னைப் பத்தி எழுதியிருக்கார். நேக்குத் தெரியவே தெரியாது. மூஞ்சிக்கு நேரா ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை மனுஷன். அந்தப் பக்கத்தை அப்படியே சந்தை மாதிரி பாடம் பண்ணிட்டேன். அடுத்த மாசம் அப்பா ச்ராத்தம். அண்ணா, மன்னி, எல்லாரும் இருப்பா. நான் சொல்லப்போறேன். நீங்களும் வரணும்."

சந்தை என்பது அவர்கள் வீட்டுப் பாடமுறை. சொல்லித்தருபவர் ஒரு தரம் சொல்ல, கற்பவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். அட்சரம் பிசகக் கூடாது. அப்பாவிடம் பிரபந்தம் முழுவதையும் அவர் அப்படித்தான் கற்றிருக்கிறார். இப்போது மென்பொருள் ஒரு தரம் சொல்ல, அவர் இரண்டு தரம் சொல்லி, என் வாக்கியங்களை அப்பாவின் வாக்காக நெஞ்சில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நான் செய்ததை மனைவியிடம் சொன்னேன்.

"உங்க நைனா எழுதினதுன்னு எவனோ எழுதிக் குடுத்தா நீங்க சும்மா கீவீங்களா?"

"எங்க நைனாவுக்குக் கையெழுத்தே போட வராது."

"அதான் சொல்றன். செத்துப்போன மனுசன் வாயில வார்த்தைய வெக்கிறதுக்கு நீங்க யாரு? ஃபோன்ல சொல்லாதீங்க. நேரா போய்ச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் காலை திருப்பதி பஸ் ஏறினேன். மாங்கூழ் ஆலைகள் ஓடுகிற மாதம். ஊர் எல்லை தாண்டும்வரை பஸ்ஸுக்குள் அந்தப் புளித்த வாசனை இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

அவரே கதவைத் திறந்தார். யாரென்று சொன்னதும், "வாங்கோ சார், ச்ராத்தத்துக்கு இன்னும் நாள் இருக்கே! தீர்த்தம் சாப்டறேளா?" என்று சிரித்தபடி தண்ணீர் கொண்டுவந்தார்.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். அந்த மூன்று வாக்கியமும் உங்கள் அப்பா எழுதியதல்ல, நான் எழுதியது. பூச்சி தின்ற இடத்தில் நிரப்பினேன்.

அவர் கை புடவைத் தலைப்பை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

"வேற எங்கெல்லாம் பண்ணினேள்?"

சொன்னேன். நெய் உட்பட.

"நெய்யை விடுங்கோ. இந்தப் பக்கத்துல நெஜமா என்ன இருக்கு?"

"கொஞ்சம்தான்மா இருக்கு. அதுல ஒண்ணை நானே எடுத்துட்டேன். கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

"கஷ்டப்படறதா வேண்டாமாங்கறதையும் நீங்களே பாத்துண்டேளா? சொல்லுங்கோ."

"'என்ன பாவம் செய்தேனோ' அப்படின்னு இருக்கு."

அவர் முகம் நிமிர்ந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அது அப்பாவேதான்! பால் பொங்கி வழிஞ்சா 'என்ன பாவம் செய்தேனோ'ம்பர். பஸ் போயிடுத்துன்னா அதையே சொல்லுவர். நான் பேங்க்ல சேர்ந்த அன்னிக்கு, மொதல் மொதல்ல ஆபீசுக்கு ஃபோன் பண்ணிட்டு, என் குரலைக் கேட்டதும் அதைத்தான் சொன்னர். மேல பேச முடியலை அவரால." என் பக்கம் திரும்பினார். "அதைப் போய் எடுத்துட்டேளே சார். நீங்க எழுதினதைக் கேட்டப்போ, அப்பா எப்போ இவ்வளவு அழகாப் பேசினர்னு ஆச்சரியப்பட்டேன். சந்தோஷத்துல அதுக்கு மேல யோசிக்கலை."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கணினியைத் திறந்து என் முன்னால் தள்ளினார். அங்கேயே உட்கார்ந்து, நான் நிரப்பிய ஒவ்வொரு இடத்திலும் என் சொற்களை அழித்து 'தெளிவில்லை' என்று எழுதினேன். 'நெய்'யையும் அழித்தேன். அவர் பக்கத்திலேயே இருந்தார்.

முடிந்ததும், "இப்போ சந்தை சொல்லுங்கோ" என்றார். "பாடத்தை மாத்தணுமோல்லியோ. மெஷின் வேண்டாம். நீங்களே சொல்லுங்கோ."

எனக்கு ஓதிப் பழக்கமில்லை. வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தேன்.

"என்ன பாவம் செய்தேனோ."

இரண்டு தரம் சொன்னார்.

"தெளிவில்லை."

அதையும் இரண்டு தரம் சொன்னார்.

"மடியில்."

"மடியில் வாங்கிக்கொண்டேன். என் குரல் வந்த பக்கம்..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அவர் நாக்கு என் வாக்கியத்துக்குள் போய்விட்டது. கோப்பில் அழித்த மாதிரி அங்கே அழிக்க முடியவில்லை.

"பரவாயில்லை," என்றார். "பாடமானது லேசுல போகாது. இன்னும் நாள் இருக்கு. திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னேன்.